பேரிங்குக்கு வாரண்டி கிடையாது

எங்கள் தொழிலில் மிஷின் நின்றால் கை தானாக ஸ்பேனரைத் தேடும். விற்றவருக்குப் போன் போடுவது அப்புறம்தான். பெல்ட் அறுந்ததா, மாற்று. போல்ட் லூஸா, முறுக்கு. பேரிங் கத்துகிறதா, கிரீஸ் அடி. அதற்கும் அடங்கவில்லையா, லேத் பட்டறைக்கு ஏற்று. தோப்புக்காரர் ஒரு நாள் பொறுப்பார். டிராக்டர் தவணை பொறுக்காது. பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் மட்டை அரைக்கிற மிஷின்கள் இத்தனை ஓடுகின்றன என்றால் இந்தக் கைப்பழக்கம்தான் காரணம். ஆனால் கெட்ட மிஷினைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்க வேண்டும் என்று இறங்கிவிட்டால், இதே பழக்கம் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்லப் போய்விடும்.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 25 அடிக்கு 25 அடி நட்ட தோப்பில் ஏக்கருக்கு எழுபது தென்னை. காய்க்கிற மரம் வருஷத்துக்கு ஒரு டஜன் மட்டையாவது தள்ளும். ஆக ஏக்கருக்கு எண்ணூறு மட்டைக்கு மேல். ஒரு காலத்தில் ஓலை கூரைக்குப் போனது, மட்டை அடுப்புக்குப் போனது. கேஸும் ஷீட்டும் வந்தபிறகு இரண்டும் தோப்பு மூலையில் குவிந்து கிடக்கின்றன. மட்கிய குவியலில் காண்டாமிருக வண்டு குடும்பம் நடத்தும். கொளுத்தினால் பக்கத்து மரத்தின் கீழ் ஓலை கருகும். 2016-இல் பொள்ளாச்சியில் சுருள் வெள்ளை ஈ வந்ததிலிருந்து, ஈ பிடித்து வெட்டிய ஓலையும் குவியலில் சேர்ந்துகொண்டது. அரைத்துப் போட்டால் அதே மட்டை மரத்தடியில் மூடாக்காகி, கோடையில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காசர்கோட்டில் இருக்கிற மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் தென்னை ஓலையில் மண்புழு உரம் போடும் முறையைச் சொல்லிக்கொடுத்த பிறகு, தூளாக்கிய ஓலைக்கு இன்னும் கிராக்கி. தோப்புக்குத் தோப்பு போய் மணி வாடகைக்கு அரைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. டிராக்டரை நானே ஓட்டுவேன். மட்டை தள்ளிவிட ஒரு பையன். இந்த ஒரு பையனைப் பற்றிப் பிறகு வக்கீல்கள் நிறையப் பேசினார்கள், அதனால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

மட்டையோடு மரமும் வரும். வேலியோரச் சவுண்டல், வேப்பங்கிளை, மலைவேம்புக் கழிவு, காற்றில் ஒடிந்த வாதநாராயணன். அதனால் சுத்தியல் வைத்து அடிக்கிற ஷ்ரெட்டர் போதாது, கத்தி வைத்து வெட்டுகிற சிப்பர் வேண்டும். நான் வாங்கியது டிராக்டரோடு மாட்டுகிற டிரம் சிப்பர். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும். பெல்ட்டும் புல்லியும் அதை உயர்த்தி டிரம்மை நிமிடத்துக்குச் சுமார் 1,000 சுற்று சுழற்றும். டிரம்மில் நான்கு கத்தி. எதிரே அசையாமல் நிற்கிற அன்வில். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரூபாய்க் காசு நுழைகிற இடைவெளி. அது கூடினால் ஓலை வெட்டுப்படாமல் நாராக வரும். குறைந்தால் கத்தி அன்வில்லை முத்தமிடும், அன்றைக்குத் தொழில் அதோடு சரி.

விற்றவர் பக்கத்து மாவட்டம், தயாரித்தவர்கள் வெளி மாநிலம். விலை நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நோட்டீஸில் "மட்டை, ஓலை, 6 அங்குலம் வரை மரம், 45 எச்.பி. டிராக்டர் போதும்" என்று அச்சடித்திருந்தது. அவர் கிடங்கில் சவுக்குக் கழியைப் போட்டு ஓட்டிக் காட்டினார். காய்ந்த, நேரான, கணு இல்லாத சவுக்கு. அப்படிப்பட்ட கழியை எந்த மிஷினும் வாங்கிக்கொள்ளும். தென்னை மட்டையின் அடிப்பக்கம் வேறு ஜாதி. கனம், வளைவு, உள்ளே ஈரம், மேலே மண். நார் டிரம்மின் இரண்டு ஓரத்திலும் புகுந்து ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொள்ளும். மட்டை அரைக்கிறவன் வேலை முடிந்ததும் முதலில் செய்வது அந்த நாரைக் கொக்கியால் இழுத்து எடுப்பது. இதைச் சொல்வதற்குக் காரணம், பின்னால் விற்றவர் தரப்பு இந்த நாரையும் ஒரு வாதமாக வைத்தது.

முதல் வாரத்திலேயே டிராக்டர் சீட்டில் உட்கார்ந்தபடி எனக்கு முதுகில் ஒரு நடுக்கம் தெரிந்தது. சிப்பர் என்றால் அதிரும்தான். ஆனால் வெட்டும்போது வருகிற அதிர்வு மட்டைக்கு மட்டை கூடிக் குறையும். இது சும்மா ஓடும்போதும் ஒரே சீராக இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. இடது பேரிங் கைவைக்க முடியாத சூடு. மாற்றினோம். கத்தி போல்ட் லூஸ். முறுக்கினோம். பெல்ட் ஒன்று புல்லியைவிட்டுக் குதித்து அறுந்தது. மறுபடி அதே இடது பேரிங். கோட்டூர்ப் பக்கம் ஒரு தோப்பில் கத்தி அன்வில்லில் அடித்து முனை பறந்தது. பையன் தள்ளுகிற இடத்திலிருந்து விலகி நின்றிருந்ததால் தலை தப்பியது. அன்று அவன் அம்மா என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. அவர் பேசியதில் தப்பும் இல்லை.

விற்றவர் நல்லபடியாகத்தான் பேசினார். "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்ணா, ஆள அனுப்பறேன்" என்பார். ஆள் வரும். பேரிங்கை மாற்றும். காசு வாங்காது. கையெழுத்துக்கு ஒரு சர்வீஸ் ஸ்லிப் நீட்டும். ஸ்லிப்பின் அடியில் "வேலை திருப்தியாக முடிந்தது" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். வாரண்டி அட்டையில் ஒரு வரி: பேரிங், பெல்ட், கத்தி, போல்ட் ஆகிய தேய்மானப் பொருட்களுக்கு வாரண்டி இல்லை. ஃபிரேமுக்கும் டிரம்முக்கும் ஷாஃப்ட்டுக்கும் ஒரு வருஷம் உண்டு.

இந்த ஏற்பாட்டின் அழகைக் கவனியுங்கள். சிப்பரில் கெட்டுப்போவது எப்போதும் பேரிங்கும் பெல்ட்டும் கத்தியும்தான். டிரம் கெட்டுப்போனதாக எவனும் பார்த்ததில்லை. கோளாறு டிரம்மில் இருந்தாலும் அடிபடுவது பேரிங். ஆகவே வாரண்டி இருக்கிற பாகத்தில் கோளாறு கண்ணுக்குத் தெரியாது, கோளாறு தெரிகிற பாகத்துக்கு வாரண்டி இருக்காது. பேரிங்கை இலவசமாக மாற்றித் தருவது தாராளம் போலத் தோன்றும். ஒவ்வொரு இலவச பேரிங்கோடும் "திருப்தி" என்று ஒரு கையெழுத்து அவர்கள் கோப்பில் சேரும், ஒரு வருஷமும் கரையும். விற்றவர் இதைத் திட்டம் போட்டுச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். திட்டமே போடாமல் தானாக நடக்கிற மாதிரி அந்த அட்டை எழுதப்பட்டிருக்கிறது.

நான் ஸ்லிப்பில் கையெழுத்துப் போடும் முன் அதன் மேலேயே தமிழில் எழுதினேன். "இடது பேரிங் மாற்றப்பட்டது. சும்மா ஓடும்போது அதிர்வு குறையவில்லை. டிரம்மைப் பார்க்கச் சொன்னேன், பார்க்கவில்லை." தேதி, டிராக்டரின் மணி மீட்டர் எண், கையெழுத்து. வந்த மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "இதெல்லாம் எழுதோணுங்களாணா?" "எழுதோணும் தம்பி. நீ ஒரு போட்டோ எடுத்துக்க, நானும் எடுத்துக்கறேன்." நல்ல பையன். கூட்டாளி போல நின்று எடுத்துக்கொண்டான். அவனுக்கும் டிரம் மேல் சந்தேகம் இருந்தது என்று நினைக்கிறேன்.

டிரம் சந்தேகத்தைத் தீர்க்க பெரிய கருவி வேண்டாம். புது பேரிங் போட்ட அன்று, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, நாரெல்லாம் சுத்தமாக எடுத்துவிட்டு, நான்கு கத்திக்கும் பக்கத்தில் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதினேன். டிரம்மைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டேன். சுற்றி, மெதுவாகி, கொஞ்சம் முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்து நின்றது. மூன்றாம் நம்பர் அடியில். மறுபடி சுற்றினேன், வேறு வேகத்தில். மூன்று அடியில். எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன். மூன்று. பையனைவிட்டுச் சுற்றச் சொன்னேன். அவன் வேண்டுமென்றே ஒன்றாம் நம்பரை அடியில் பிடித்து நிறுத்திக் கையை எடுத்தான். டிரம் தானாகத் திரும்பி மூன்றைக் கீழே கொண்டுவந்தது. எடை சரியாகப் பங்கிட்ட டிரம் எங்கே விட்டாலும் அங்கே நிற்க வேண்டும். இது ஒரு பக்கம் கனத்த டிரம்.

எவ்வளவு கனம் என்பது பெரிய விஷயமாகத் தெரியாது. ஒரு பக்கம் நூறு கிராம் கூடுதல், மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போது அது ஒரு மாம்பிஞ்சு. நிமிடத்துக்கு 1,000 சுற்றில் அது கிட்டத்தட்ட 28 கிலோ இழுப்பாக மாறுகிறது. அதுவும் திசை மாறி மாறி, வினாடிக்குப் பதினாறு பதினேழு முறை. சுற்று கூடக் கூட இழுப்பு அதன் வர்க்கமாகக் கூடும். இந்த உதைப்பை வாங்கிக்கொள்வது இரண்டு பேரிங். போல்ட் லூஸாவதும், காசு அளவு இடைவெளி மாறிக் கத்தி அன்வில்லில் மோதுவதும் இதன் பிள்ளைகள். எந்த பேரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் அது சாகத்தான் செய்யும்.

பேலன்ஸ் செய்த டிரம்மில் அதன் தடயம் இருக்கும். தட்டின் ஓரத்தில் துளைபோட்டு எடை குறைத்த குழியோ, எதிர்ப்பக்கம் எடை கூட்ட ஒட்டிய சிறு தகடோ. எங்கள் டிரம்மின் இரண்டு முகத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். பெயின்ட் அப்பழுக்கில்லாமல் வழவழவென்று இருந்தது. விற்றவரிடம் பேலன்சிங் ரிப்போர்ட் கேட்டேன். "கம்பெனியில கேட்டுச் சொல்றேங்ணா" என்றார்.

இந்த இடத்தில்தான் எங்கள் தொழிற்காரன் கிளை பிரிய வேண்டும். சாக்பீஸ் சோதனை முடிந்த அன்று மாலையே நான் கோளாறைத் தீர்த்திருக்க முடியும். டிரம்மைக் கழற்றி, கோவையில் டைனமிக் பேலன்சிங் செய்கிற இடம் ஒன்றுக்கு எடுத்துப்போனால் வேலை முடிந்தது. என் கை பரபரத்தது என்பதை மறைக்கவில்லை. ஆனைமலைப் பக்கத்து நண்பர் ஒருவர் அதே வகை மிஷின் வைத்திருந்தார். அவர் அப்படித்தான் செய்தார். தெரிந்த லேத் பட்டறையில் புது ஷாஃப்ட் கடைந்து, பேரிங் உட்காருகிற தகட்டை வெட்டி எடுத்துத் தடித்த தகடு வெல்டு செய்து, டிரம்மைப் பேலன்ஸ் போட்டார். அந்த மிஷின் இன்றைக்கும் தேன் மாதிரி ஓடுகிறது. அவர் செலவுக்காக விற்றவரிடம் போனபோது வந்த பதில்: "மிஷினை நீங்களே மாத்திட்டீங்களே, எங்க பொருள் எங்கீங்க இருக்குது?" அதற்குமேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கோளாறுதான் சாட்சி. சாட்சியை அவர் கையாலேயே சரிசெய்துவிட்டார். அதற்காக அவரை ஏமாளி என்று சொல்வேனா? மாட்டேன். அவருக்கு மிஷின் கிடைத்தது, எனக்குப் பின்னால் பணம் கிடைத்தது. இரண்டில் எது சீக்கிரம் கிடைத்தது என்று கேட்டால் அவருடையதுதான்.

நான் மிஷினை ஷெட்டில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு, தொடக்கூடாது என்று பையனிடம் சொல்லிவிட்டேன். வேலை செய்யக்கூடிய கைக்கு, சரிசெய்யத் தெரிந்த மிஷின் சும்மா நிற்பதைப் பார்ப்பது போன்ற கொடுமை கிடையாது. ஊரில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது. "ஏனுங்க, ஒரு பேலன்ஸ் போட்டா முடிஞ்சுது, இதுக்குப்போயி கேஸா?" என்று அண்ணன் முறையில் ஒருவர் தினமும் கேட்பார். டிராக்டரை ரோட்டவேட்டர் மாட்டி உழவுக்கு ஓட்டித் தவணையைச் சமாளித்தேன்.

1915-க்குப் போன் செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண். புகாரைப் பதிவுசெய்து கம்பெனிக்கு அனுப்புவார்கள். தீர்ப்புச் சொல்கிற இடமல்ல அது. கம்பெனியிலிருந்து வந்த பதில்: சர்வீஸ் செய்து கொடுத்தாகிவிட்டது, வாடிக்கையாளர் திருப்தி. கூடவே ஸ்லிப்புகளின் நகல். அந்த நகல்களில் என் கையெழுத்துக்கு மேலே நான் எழுதியது தெளிவாக விழுந்திருந்தது. படிக்காமலேயே அனுப்பியிருக்கிறார்கள். தமிழ் தெரியாத இடத்திலிருந்து அனுப்பினார்களோ என்னவோ.

பிறகு வக்கீல் நோட்டீஸ், ரிஜிஸ்டர் தபாலில், விற்றவருக்கும் தயாரித்தவருக்கும். அவர்கள் பதிலில் இருந்த காரணங்கள் எந்த மிஷின் வழக்கிலும் வருபவைதான். பில்லிலேயே "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது" என்று இருக்கிறது. வழக்குப் போடுவதானால் அவர்கள் ஊரில்தான். கெட்டவை எல்லாம் தேய்மானப் பொருள். ஓட்டுநர் நாரை எடுக்காமல் ஓட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே, வாங்கியது வியாபாரத்துக்கு, ஆகவே நீ நுகர்வோரே இல்லை.

முதல் இரண்டும் காற்று போன டியூப். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கிற அல்லது வேலைசெய்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பில்லில் அடித்த ஊர்ப்பெயர் அதைத் தடுக்காது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதையே அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. பில்லில் காலம் குறிப்பிடவில்லை என்றால் முப்பது நாள் கெடு. கட்டணமும் பயப்படும்படி இல்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் ஒரு பைசா கிடையாது. ஒன்று மட்டும் கறார்: காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் போக வேண்டும். இலவச பேரிங் மாற்றிக்கொண்டே இருந்தால் இந்த இரண்டு வருஷமும் எங்கே போனதென்று தெரியாது.

வியாபாரம் என்கிற வாதம்தான் கனமானது. வாடகைக்கு ஓட்டுகிறேன், காசு வாங்குகிறேன், வியாபாரம்தானே? அதில் எனக்கே ஒரு பயம் இருந்தது. எங்கள் மாவட்ட ஆணையத்தில் எனக்காகப் புகார் போட்ட வக்கீலம்மா 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எடுத்து வைத்தார், லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கு. அதுவும் மிஷின் வாங்கிய சண்டைதான். அதில் மிஷின் வாங்கியவர் தோற்றார், பெரிய அளவு உற்பத்திக்கு வாங்கியது என்று. தோற்ற வழக்கை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "தோத்தவருக்குச் சொன்ன விளக்கம்தான் உங்களுக்கு வேணும்" என்றார். சொந்தக் கையால் ஓட்டிப் பிழைக்க ஒருவர் ஆட்டோ வாங்கினால், லேத் வாங்கினால், அவர் நுகர்வோர்தான். துணைக்கு ஒருவர் இருவரை வைத்துக்கொண்டதால் அது மாறிவிடாது என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. சட்டத்திலும் சுயதொழிலால் வாழ்வாதாரத்துக்கு வாங்கியது வணிக நோக்கமாகாது என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். என் மட்டை தள்ளுகிற பையன் இந்த வரியில் வந்து உட்கார்ந்தான். "எத்தனை ஆள் வைத்திருக்கிறார், எத்தனை மிஷின், ஜி.எஸ்.டி. எண் உண்டா, உத்யம் பதிவு உண்டா" என்று எதிர்த்தரப்பு துருவியது. பில் என் பெயரில், நம்பர் எதுவும் இல்லாமல். மிஷின் ஒன்று, டிராக்டர் ஒன்று, ஆள் ஒருவன். இதே மிஷினைப் பங்காளிகளோடு சேர்ந்து நிறுவனப் பெயரில் வாங்கி, வரிக்கழிவும் எடுத்திருந்தால் கதை இந்தப் பக்கம் திரும்பியிருக்காது. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருந்திருக்கும்.

மிச்சம் இருந்தது நார். இதற்கு வக்கீல் வாதம் உதவாது, கருவிதான் வேண்டும். பரிசோதித்தால்தான் தெரியும் என்கிற குறைக்கு ஆணையமே நிபுணரிடம் அனுப்பலாம். செலவைப் புகார்தாரர் கட்ட வேண்டும். கட்டினேன். ஒரு பொறியியல் கல்லூரியின் மெக்கானிக்கல் பேராசிரியர் வந்தார். இரு தரப்பும் கூட நின்றோம். தார்ப்பாயை விலக்கியதும் அவர் முதலில் கேட்டது, "ஏதாவது கழட்டினீங்களா?" ஷெட்டில் நிறுத்தியதிலிருந்து எதுவும் இல்லை என்றேன். முகத்தில் ஒரு நிம்மதி.

அவர் பெட்டியிலிருந்து டயல் கேஜ் எடுத்தார். காந்த அடியை ஃபிரேமில் ஒட்டி, முள்ளின் நுனியை ஷாஃப்ட்டின்மேல் உட்காரவைத்து டிரம்மை மெல்லச் சுற்றினார். முள் அசைந்தது, பெரிதாக இல்லை. ஷாஃப்ட் நேராகத்தான் இருக்கிறது என்றார். விற்றவர் தரப்பில் ஒரு பெருமூச்சு. பிறகு ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை எடுத்து, பேரிங் வீடு உட்காருகிற இடத்தில் நுழைத்தார். வலது பக்கம் நுழையவில்லை. இடது பக்கம் ஒரு மூலையில் தகடு பாதி வரை போனது. வீட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் வெல்டு வளைத்த தகடு, மில்லிங் செய்யாமல் அப்படியே. போல்ட்டை முறுக்கினால் வீடு அந்த வளைவுக்கு ஏற்ப முறுக்கிக்கொள்ளும், பேரிங் எப்போதும் நெருக்கடியில் இருக்கும். எனக்கு இது புதுச் செய்தி. கனத்த டிரம் மட்டும்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். இடது பேரிங் ஏன் முதலில் சாகிறது என்பதற்கு இப்போதுதான் விடை. பிறகு பெல்ட்டைக் கழற்றி டிரம்மைச் சுற்றினார். என் சாக்பீஸ் எண்கள் பாதி அழிந்திருந்தன. மூன்று கீழே வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி சுற்றினார், எழுதினார், மறுபடி சுற்றினார். கடைசியில் பழைய பேரிங் ஒன்றைத் துணியால் துடைத்து, ஓடுபாதையில் இருந்த தேய்மானத்தைக் காட்டி விற்றவர் தரப்பு ஆளிடம் சொன்னார்: "நார் புகுந்து கெட்டா சீல் கிழிஞ்சிருக்கும், உள்ள அழுக்கு இருக்கும். சீல் நல்லாருக்கு பாருங்க. ஒரு பக்கமா அமுங்கித் தேஞ்சிருக்கு." பழைய பேரிங்குகளைத் தேதி எழுதிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தேன். மெக்கானிக் எடுத்துப்போகக் கேட்டபோது தரவில்லை. சர்வீஸுக்கு வருகிறவர்கள் பழைய பாகத்தை எடுத்துப்போக விடாதீர்கள், அது உங்கள் காசு.

அறிக்கை போனபிறகு எதிர்த்தரப்பின் குரல் மாறியது. ஆணையம் இரு தரப்பையும் சமரசத்துக்கு அனுப்பியது. 2019 சட்டத்தில் வந்த நல்ல ஏற்பாடு இது, இரண்டு பேரும் சம்மதித்தால் ஆணையத்தோடு இணைந்த சமரச மையத்தில் உட்கார்ந்து பேசலாம். முதலில் புது டிரம் தருகிறோம் என்றார்கள். ஃபிரேம்? அதையும் சரிசெய்து தருகிறோம். நான் மறுத்துவிட்டேன். நம்பிக்கை போன மிஷினின் முன்னால் அந்தப் பையனை மறுபடி நிறுத்த எனக்கு மனமில்லை. விலையை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள், வட்டி, போன வருமானம், மன உளைச்சல் எல்லாவற்றையும் விடுகிறேன் என்றேன். வக்கீலம்மாவுக்கு அவ்வளவு சம்மதமில்லை, வட்டியோடு தீர்ப்பே வாங்கலாம் என்றார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். போன வருமானத்துக்கு என்னிடம் ஒரு டைரிதான் இருந்தது. எந்தத் தோப்பு, எவ்வளவு முன்பணம் திருப்பிக் கொடுத்தேன் என்பது அதில் உண்டு. ஆனால் தோப்புக்காரர்களைச் சாட்சிக்கு இழுக்க எனக்கு விருப்பமில்லை, நாளைக்கு அவர்கள் தோப்பில்தான் நான் நிற்க வேண்டும். மேலே மாநில ஆணையம், அதற்கும் மேலே தேசிய ஆணையம் என்று படிக்கட்டு நீளமானது. பணம் கையில் வந்தால் அடுத்த கோடைக்கு மிஷின் வாங்கலாம் என்பதுதான் என் கணக்கு.

கடைசியில் இழுபறி எதற்கு என்றால், மிஷினை எடுத்துப்போகிற லாரி வாடகைக்கும் கிரேன் வாடகைக்கும். லட்சக்கணக்கில் ஒத்துக்கொண்டவர்கள் கிரேன் காசுக்கு அரைமணி நேரம் பேசினார்கள். கையெழுத்தான காகிதத்தில் "எதிர்த்தரப்பினர் தங்கள் செலவில்" என்று சேர்த்த பிறகுதான் எழுந்தேன். காசோலை வேண்டாம், வங்கிக் கணக்கில் பணம் ஏறிய பிறகே மிஷின் ஷெட்டைவிட்டு நகரும் என்றும் ஒரு வரி. லாரியோடு வந்தது அதே மெக்கானிக் பையன்தான். ஏற்றிக் கட்டிவிட்டு டீ குடிக்கும்போது சொன்னான்: "புது டிரம்முல எல்லாம் இப்ப ஓரத்துல ஓட்டை போட்டு வருதுங்ணா."

இப்போது என்னிடம் ஓடுவது வேறு ஒரு கம்பெனி மிஷின், மானியப் பட்டியலில் இருப்பது, சோதனை மைய அறிக்கையோடு வந்தது. வாங்கும்முன் மூன்று நிபந்தனை வைத்தேன். சோதனை ஓட்டம் என் வாடிக்கைத் தோப்பில், அடிமட்டையோடு. நோட்டீஸில் அச்சடித்த "6 அங்குலம்" பில்லிலும் எழுதப்பட வேண்டும். பெல்ட்டைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்ப்பேன். முதல் இரண்டுக்கும் விற்றவர் உடனே தலையாட்டினார். மூன்றாவதற்கு ஒரு பார்வை பார்த்தார். "ஏனுங்ணா, இதுவரைக்கும் யாருமே இப்படிக் கேட்டதில்லீங்களே?" ஆளைக் கூப்பிட்டுப் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். டிரம் ஒருமுறை ஒன்றாம் கத்தி கீழே நின்றது, ஒருமுறை நான்காம் கத்தி, ஒருமுறை நடுவில். முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.